மதுரைத் தலைமுறை நாவல்: குடும்பங்களை எதைக் கொண்டு இணைப்பது?

வைகைக்கரை:
மதுரையை விட்டு அகலாமல் நான்கு குடும்பங்களைப் பின்தொடரும் நாவல் ஒன்றைத் திட்டமிட்டு வருகிறேன். 1311-இல் மாலிக் கபூர் படையெடுப்பில் தொடங்கி, சுல்தான்கள், நாயக்கர்கள், கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) எனக் கடந்து, ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த 1939 ஆலயப் பிரவேசத்தில் முடிப்பதாக எண்ணம். அரசர் வரிசைப்படி அத்தியாயம் பிரித்தால், குடும்பங்கள் அரண்மனை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுகின்றன. இருநூறு ஆண்டுகளைத் தாண்டும்போது, இவர் இன்னாருடைய வழித்தோன்றல் என்பதை வாசகருக்கு எதைக் கொண்டு உணர்த்துவது?

தெற்குமாசி:
தொழிலைக் கொண்டு உணர்த்தலாம். நாயக்கர் காலத்தில் இங்கே குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்குடிச் சேலைக்குத் துணியைச் சிறுசிறு புள்ளிகளாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டுவதும், சாயத்தில் தோய்த்துக் காய்ந்த பின் முடிச்சை அவிழ்ப்பதும் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறிய வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ச்சாயத்தின் இடத்தை அயல்நாட்டுச் செயற்கைச் சாயமான அலிசரின் பிடித்தபோது, அதே முடிச்சு வேறு நிறத்துக்குள் இறங்கியது. கொள்ளுப்பாட்டியும் பேத்தியும் ஒரே குடும்பத்தார் என்பதற்கு வம்சாவளிப் பட்டியலைவிட அந்த விரல்கள் நல்ல சான்று.

விளக்குத்தூண்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நகரமும் மாற வேண்டும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்ததற்குத் தாராளமாகப் பக்கங்கள் ஒதுக்குங்கள். இடித்துத் தூர்த்தவர்களுக்கே அந்த நிலம் மனையாகக் கிடைத்தது என்பது நாவலாசிரியருக்கு வலிய வந்து வாய்த்த செய்தி: மதிலைக் காத்தவனின் பேரன் அதன் கல்லைப் பெயர்த்து வீட்டுக்கு அஸ்திவாரம் போடலாம். வெளி வீதிகள் அப்படி எழுந்தவையே. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையை நடத்தியவர்களின் பெயரைத் தாங்கியவை. கும்பினிச் சண்டைகளை ஒரே அத்தியாயத்தில் முடித்தாலும் குறையில்லை. கும்பினியை எதிர்த்த மருதநாயகம் என்ற யூசுப்கான் 1764-இல் தூக்கிலிடப்பட்டது மட்டும் போதும்.

அழகர்மலைச் சாரல்:
நான்கில் ஒரு குடும்பமாவது, ஆலயப் பிரவேசம் நடந்த 1939 ஜூலை 8 வரை மீனாட்சியைச் சன்னதியில் கண்டிராத குடும்பமாக இருக்க வேண்டும். இல்லையேல், ஆலயப் பிரவேசத்தை நடத்திய வைத்தியநாத ஐயரோடு உள்ளே சென்றவர்கள் கடைசிப் பக்கத்தில் திடீரென முளைத்தவர்களாகத் தோன்றுவார்கள். அவர்களையும் மற்றவர்களையும் ஒரே காட்சியில் நிறுத்த அழகர் ஆற்றில் இறங்கும் நாள் பொருத்தமானது. ஆயினும் திருமலை நாயக்கர் (1623–1659) மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் விழா ஆகிய இரண்டையும் சித்திரையில் இணைப்பதற்கு முன், அழகர் வைகை ஓரத்துத் தேனூர் கிராமத்துக்குத்தான் சென்றார் என்பார்கள். ஆகவே பதினான்காம் நூற்றாண்டுப் பகுதியில் அக்காட்சியை மதுரை ஆற்றங்கரையில் வைத்துவிடாதீர்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. காவல் குடும்பத்தைக் கோட்டை இடிப்போடு இணைக்கிறேன். தேனூர்க் காட்சியைத் தனி அத்தியாயமாக்குவதா, முதல் பாகத்துக்குள்ளேயே அடக்குவதா என்பதே இப்போதைய குழப்பம்.

அழகர்மலைச் சாரல்:
தனியாகவே எழுதுங்கள் ஐயா. கோயிலுக்குள் நுழைய முடியாத குடும்பத்துக்கு முதல் அத்தியாயம் ஊருக்கு வெளியே அமைவதுதான் முறை.