புதுப்பிப்பு: வேதியியலும் பிரெஞ்சும், முதல் வருடம் முடிந்தது

ராமநாதபுரம் மாவட்டத்து வலிநோக்கத்திலிருந்து பிரிட்டன் போய் வேதியியலையும் பிரெஞ்சையும் ஒரே பட்டமாகப் படிக்கலாமா, இரண்டும் அரைகுறையாகிவிடுமா என்று போன வருடம் கேட்டிருந்தேன். முதல் வருடம் முடித்து ஊருக்கு வந்திருக்கிறேன்.

அரைகுறையாகவில்லை. நேரம்தான் பெரும் பாடு. மதியம் முழுக்க ஆய்வகம், முடிந்த கையோடு பிரெஞ்சு வகுப்பு. இரண்டாம் பருவத்தில் இரண்டும் ஒரே மணிக்கு விழுந்து, மாற்றி வாங்க 3 வாரம் அலைந்தேன். சேரும் முன்பே கால அட்டவணையைக் கேட்டுவிடுங்கள்.

சொற்களும் பழக வேண்டும். பிரெஞ்சில் நைட்ரஜன் 'அசோத்', 0.5 என்பதைக் காற்புள்ளி வைத்து 0,5 என்று எழுதுவார்கள்.

ஆனால் பலாரைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அந்துவான் பலார், 1826-இல் புரோமின் என்ற தனிமத்தைப் பற்றி பிரெஞ்சில் எழுதியவர். பிரான்ஸின் மோன்பெலியே நகரத்துப் பக்கத்து உப்பளத்தில், உப்பு எடுத்தபின் மிஞ்சிய கசப்புத் தண்ணீரில் குளோரினைச் செலுத்தித்தான் அதைக் கண்டுபிடித்தார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர் மகளுக்கு இதை மொழிபெயர்ப்பில்லாமல் படிப்பது எப்படி இருக்கும்!

நேற்று அத்தாவோடு உப்பளத்துக்குப் போனேன். உப்பு வாரிய பாத்தியில் அதே தண்ணீர், எண்ணெய் மாதிரி வழவழப்பாக. "இதுலயாம்மா?" என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

அப்புறம், மூன்றாம் வருடம் முழுக்க பிரான்ஸில்தான். மோன்பெலியேவுக்கு விண்ணப்பிக்கிறேன், கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.