லினியேஜ் ஓஎஸ் 21: ஒருமுறை பூட் ஆன பிறகு ஜிஆப்ஸ் சேர்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். என் பழைய போனில் லினியேஜ் ஓஎஸ் 21-ஐ (ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளம்) நிறுவி இரண்டு நாள் பயன்படுத்திய பின்னரே, ப்ளே ஸ்டோர் இல்லாமல் எனக்குச் சரிவராது என்று உணர்ந்தேன். ஆகவே ரெகவரிக்குச் (போனின் பராமரிப்புத் திரை) சென்று, ஜிஆப்ஸை, அதாவது ப்ளே ஸ்டோர் உள்ளிட்ட கூகுள் செயலிகளைத் தரும் மைண்ட்திகேப்ஸ் தொகுப்பை சைட்லோட் செய்தேன் (கணினியிலிருந்து கேபிள் வழி அனுப்பி நிறுவினேன்). கணினியில் 47 சதவீதத்தோடு நின்றுவிட்டது. போனில் கையொப்பச் சரிபார்ப்பு தோல்வி என்ற எச்சரிக்கை வந்தது. தொடருமாறு அழுத்தினேன். இப்போது ப்ளே சர்வீசஸ் நின்றுவிட்டதாக ஓயாமல் அறிவிப்பு வருகிறது. தொகுப்பு பாதியில் நின்றதுதான் காரணமா? தரவை அழிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
47 சதவீதம் காரணமன்று. நிறுவல் முழுமையாக முடிந்தாலும் ஏடிபி (கணினியிலிருந்து போனுக்கு அனுப்பும் கருவி) சில வேளைகளில் அந்த எண்ணிலேயே நிற்கும். கையொப்ப எச்சரிக்கையும் இயல்பானதே, ஏனெனில் அத்தொகுப்பு லினியேஜின் சாவியால் கையொப்பமிடப்பட்டதன்று. நீங்கள் நிறுவிய வரிசையில்தான் பிழை. ப்ளே சர்வீசஸ் சிஸ்டம் பார்ட்டிஷனில் (இயங்குதளம் இருக்கும் சேமிப்புப் பகுதி) அமர்ந்து சிறப்பு அனுமதிகளுடன் இயங்க வேண்டிய செயலி என்பதால், ரோம் (இங்கே லினியேஜ்) முதன்முறை பூட் ஆவதற்கு முன்பே அதைச் சேர்த்துவிட வேண்டும். படங்களைக் கணினிக்கு நகலெடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், வேறு வழியில்லை. பிறகு ரோமை சைட்லோட் செய்து, போனை இயக்காமல் மீண்டும் ரெகவரிக்கே ரீபூட் செய்து, அதன் பின் ஜிஆப்ஸை நிறுவுங்கள். ஏ/பி பார்ட்டிஷன் உள்ள (இயங்குதளத்துக்கு ஸ்லாட் எனும் இரட்டைப் பகுதிகள் கொண்ட) போன்களில் ரோம் மற்ற ஸ்லாட்டில் நிறுவப்படுவதால், இந்த இடை ரீபூட்டைத் தவிர்த்தால் ஜிஆப்ஸ் தவறான ஸ்லாட்டுக்குப் போய்விடும்.

பதில் 2:
தொகுப்பின் பதிப்பையும் ஒருமுறை பாருங்கள். லினியேஜ் 21 என்பது ஆண்ட்ராய்டு 14. அதற்கான தொகுப்பே பொருந்தும், உங்கள் பிராசசர் ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் வகை) என்றால் அதற்குரியதே வேண்டும். பழைய கட்டுரைகள் ஓபன் ஜிஆப்ஸ் என்ற வேறொரு தொகுப்பைப் பரிந்துரைக்கும். அது ஆண்ட்ராய்டு 11-ஐத் தாண்டவில்லை. (ரோமுடனேயே கூகுள் செயலிகளைத் தராததற்கு உரிமச் சிக்கலே காரணம்: 2009-இல் லினியேஜின் முன்னோடியான சயனோஜென்மாடுக்குக் கூகுள் தடை அறிவிப்பு அனுப்பியது முதல் இவை தனித்தொகுப்பாகவே வருகின்றன.)

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ரீசெட் செய்து சொன்ன வரிசையிலேயே நிறுவினேன், அறிவிப்பு வரவில்லை. அடுத்த ஓடிஏ (இணையம் வழி போனுக்கே வரும்) அப்டேட்டில் இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டுமா?

பதில் 1:
21-க்குள்ளேயே வரும் அப்டேட்டுகளில் வேண்டியதில்லை, அப்டேட்டின்போது தானே இயங்கும் ஆட்ஆன்.டி ஸ்கிரிப்ட் ஜிஆப்ஸை எடுத்துவைத்துத் திரும்பச் சேர்த்துவிடும். 22-க்கு மாறும்போது மட்டும், முதல் பூட்டுக்கு முன் ஆண்ட்ராய்டு 15-க்கான தொகுப்பை நீங்களே நிறுவ வேண்டும்.