பிளாக் மேல்பரப்பில் கிரைண்டர் டிஸ்க் போடலாமா?

தண்டையார்பேட்டை டீசல்:
வேன் என்ஜினின் ஹெட்டை, அதாவது மேல்மூடியை, வீட்டிலேயே இறக்கிவிட்டேன். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட். இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட் பிடித்த பிடியை விடவில்லை, சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துபோச்சு. கிரைண்டரில் தேய்க்கும் நார் டிஸ்க் மாட்டி ஓட்டினால் பத்து நிமிட வேலை. செய்யலாமா?

ராயபுரம் ரென்ச்:
வேண்டாம் தம்பி. அந்த டிஸ்க்கில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு என்ற தேய்ப்புப் பொடி. தூளாக உதிர்ந்து ஆயில் வழியில் இறங்கினால் நேராகப் பேரிங்கைத் தின்னும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் டீலர் மெக்கானிக்குகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வீஸ் அறிவிப்பே விட்டிருக்கிறது.

வியாசர்பாடி லேத்:
ஆயில் ஓட்டையிலும் பிஸ்டன் ஓடும் துளையிலும் துணியை அடைத்துவிட்டு ஓட்டினால் போதும் அண்ணா. எங்கள் பக்கம் ஷெட்டுகளில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டிகள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன?

ராயபுரம் ரென்ச்:
ஓடுகின்றன. ஆறு மாதம் கழித்துப் பேரிங் போனால் டிஸ்க்கை யார் நினைக்கிறார்கள்? ஆயிலைத்தான் திட்டுவார்கள். துணியை உருவும்போது ஓரத்தில் நிற்கும் தூள் உள்ளேதான் விழும். அதோடு, கையில் பிடித்த கிரைண்டர் சமமாகத் தேய்க்காது. தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பு மழுங்கும், ஓரிடம் குழியும். இப்போது வரும் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் பல என்ஜின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணலைத் தாங்காது. அந்தக் குழி கண்ணுக்கே தெரியாது.

வியாசர்பாடி லேத்:
குழிந்தால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் போட்டு, மேல்பரப்பைச் சீவிச் சமமாக்கிக்கொள்ளலாமே. அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

ராயபுரம் ரென்ச்:
அவர் வைத்திருப்பது டீசல். பிளாக்கைச் சீவினால் பிஸ்டன் அந்த அளவுக்கு மேலே துருத்தும். அதை டயல் கேஜில் அளந்து, தடிமன் கூடிய கேஸ்கெட் தேட வேண்டும். தேவையில்லாமல் ஏன் அந்தச் செலவு?
தம்பி, கேஸ்கெட் ரிமூவர் அடித்து ஊறவிடு. அப்புறம் பிளேடைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டு. ஹெட் பக்கம் பிளாஸ்டிக் ஸ்கிராப்பர் மட்டும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை, அதாவது துல்லியமான நேர்ச்சட்டத்தை, நீளம், அகலம், குறுக்கு என்று வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் அடியில் நுழைகிறதா பார். ஸ்டீல் ஸ்கேல் உதவாது.
போல்ட் ஓட்டைகளை மறக்காதே. அடி மூடிய ஓட்டையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், முறுக்கும்போது அழுத்தம் ஏறிப் பிளாக்கே விரிசல் விடும். டார்க் ரென்ச் காட்டும் முறுக்கு அளவும் பொய்யாகிவிடும். நம் கடல் காற்றில் சுத்தம் செய்த இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். லேசாக ஆயில் தடவி மூடி வை. ஹெட் ஏற்றும் முன் பிரேக் கிளீனரால் துடைத்துவிடு.

வியாசர்பாடி லேத்:
டீசலில் ஃபேசிங் பற்றி அண்ணன் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெல்லிய டிஸ்க்கைப் பதமாக ஓட்டினால் கெடாது என்பதில் மாற்றமில்லை. கை பழகியவன் செய்யலாம்.

தண்டையார்பேட்டை டீசல்:
எனக்குக் கை பழகவில்லையே அண்ணா, பிளேடையே எடுக்கிறேன். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இரவல் கிடைக்குமா?

வியாசர்பாடி லேத்:
என்னிடம் இருக்கு. எம்.கே.பி. நகர் பக்கம் வந்து வாங்கிக்கொள். கீழே போட்டுவிடாதே.