எஸ்க்யூலைட்: ஷெல்லில் போட்ட அமைப்பு நிரலில் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காகப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். காலை, மாலை இரு வேளையும் உறுப்பினர்கள் ஊற்றும் பாலின் அளவைப் பதிந்து, பட்டுவாடாப் பட்டியல் தயாரிப்பது அதன் வேலை. தரவு முழுவதும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளத்தின் ஒரே கோப்பில் இருக்கிறது. கொள்முதல் அட்டவணையில் உள்ள உறுப்பினர் எண், உறுப்பினர் அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீயாக (அங்கே இல்லாத எண் இங்கே இருக்கக் கூடாது என்ற விதியோடு) முறைப்படி அறிவிக்கப்பட்டுள்ளது.

கடைசியாகச் சேர்ந்த ஒருவர் சென்ற மாதம் விலகியதால் அவருடைய பதிவை நீக்கினேன். அவர் ஊற்றிய பாலின் வரிசைகள் இருக்கும்போது அந்த நீக்கம் மறுக்கப்பட்டிருக்க வேண்டும், மறுக்கப்படவில்லை. அடுத்துச் சேர்ந்தவருக்கு அதே எண் கிடைத்து, விலகியவர் ஊற்றிய பால் புதியவர் கணக்கில் ஏறிவிட்டது. பட்டியலைப் பேரேட்டுடன் ஒப்பிட்ட செயலாளர் கண்டுபிடித்ததால் பணம் கைமாறுவதற்கு முன்பே திருத்திவிட்டோம்.

அதன் பிறகு எஸ்க்யூலைட்டின் கட்டளைச் சாளரமான ஷெல்லில் கோப்பைத் திறந்து, ஃபாரின்_கீஸ் பிராக்மாவை (இந்தச் சரிபார்ப்புக்கான அமைப்புக் கட்டளையை) ஆன் செய்து, மீண்டும் நீக்கிப் பார்த்தபோது மறுப்பு வந்தது. அதே அமர்வில் ஜர்னல்_மோடையும் டபிள்யூஏஎல் (WAL, மாற்றங்களை முதலில் ஒரு துணைக் கோப்பில் எழுதும் முறை) என மாற்றினேன். மறுநாள் நிரல் வழியாகச் சோதித்தால், டபிள்யூஏஎல் அப்படியே இருக்கிறது. ஃபாரின் கீ சரிபார்ப்பு மட்டும் இல்லை. நீக்கும் செயற்கூற்றுக்குள்ளேயே, யார் நீக்குகிறார் என்பதைப் பதிவேட்டு அட்டவணையில் எழுதும் வரிக்கு அடுத்து, அந்தப் பிராக்மாவைச் சேர்த்தேன். பிழையும் வரவில்லை, பலனும் இல்லை. ஒரே கோப்பில் ஒரே நாளில் போட்ட இரண்டு அமைப்புகளில் ஒன்று நின்று, மற்றொன்று நிற்காமல் போவது எப்படி?

பதில் 1

எஸ்க்யூலைட்டில் எல்லா அமைப்புகளும் பிராக்மா என்ற ஒரே வடிவில் எழுதப்படுவதால், அவை எல்லாம் ஒரே இடத்தில் சேமிக்கப்படுகின்றன என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் சில அமைப்புகள் கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படுகின்றன. சில, திறந்த இணைப்பு மூடப்படும் வரை மட்டுமே உயிரோடு இருக்கின்றன. இன்னும் சில, எஸ்க்யூலைட் நிரலகம் (லைப்ரரி) தொகுக்கப்பட்ட நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. டபிள்யூஏஎல் முதல் வகையைச் சேர்ந்தது, ஃபாரின்_கீஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஷெல் ஓர் இணைப்பு, உங்கள் நிரல் வேறோர் இணைப்பு. ஒன்றில் போட்டது மற்றொன்றுக்குத் தெரியாது.

இது ஏன் இயல்பாகவே ஆனில் இல்லை என்ற கேள்விக்கு, பழைய நிரல்களோடு இணக்கம் காப்பதே காரணம். 2009-இல் வந்த 3.6.19 பதிப்புக்கு முன்பு, எஸ்க்யூலைட் ஃபாரின் கீ அறிவிப்பைப் படித்து வைத்துக்கொள்ளும், ஆனால் நடைமுறைப்படுத்தாது. அந்த ஆண்டுகளில் விதியை மீறிய தரவோடு ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் ஒரு பதிப்பு மாற்றத்தால் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே, சரிபார்ப்பு இன்றும் ஆஃபில் தொடங்குகிறது. தொகுக்கும்போது அந்த இயல்பை மாற்ற வழி உண்டு. ஆகவே வேறு யாரோ தொகுத்த நிரலகத்தில் அது ஆனில் இருக்கும் என்றோ ஆஃபில் இருக்கும் என்றோ நம்பி எழுதாமல், இணைப்பைத் திறக்கும்போது நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

செயற்கூற்றுக்குள் போட்டது ஏன் பலிக்கவில்லை என்பதற்கான விடை உங்கள் விவரிப்பிலேயே இருக்கிறது. பைத்தானின் எஸ்க்யூலைட்3 தொகுதி, இயல்பு நிலையில், இன்சர்ட், அப்டேட், டெலீட் போன்ற கட்டளைகளுக்கு முன்னால் சொல்லாமலே ஒரு பரிவர்த்தனையை (ஒன்றாக உறுதியாகும் அல்லது ஒன்றாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பை) தொடங்கிவிடும். பதிவேட்டில் எழுதிய வரி அதைத் தொடங்கிவிட்டது. பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது ஃபாரின்_கீஸ் பிராக்மா எதையும் மாற்றாது, பிழையும் தராது. பெயரைத் தவறாக எழுதிய பிராக்மாவும் இப்படித்தான் மௌனமாகக் கடந்து போகும். இந்த மௌனம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை, ஆனால் அதை ஏற்றுக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

எனவே கோப்பைத் திறப்பதற்கென்று ஒரே ஒரு செயற்கூறு வைத்து, நிரலின் எந்தப் பகுதியும் அதன் வழியாகவே இணைப்பைப் பெறும்படி செய்யுங்கள். அதில் முதல் வேலையாக அமைப்பைப் போட்டு, உடனே அதே பிராக்மாவை மதிப்பின்றி இயக்கித் திரும்பப் படியுங்கள். 1 வந்தால் சரி. 0 வந்தால் அமைப்பு ஏறவில்லை. எந்த வரிசையும் வராவிட்டால் அந்த நிரலகத்தில் ஃபாரின் கீ வசதியே இல்லை. 1 தவிர வேறு எது வந்தாலும் நிரல் அங்கேயே நின்றுவிடட்டும்.

சரிபார்ப்பை இப்போது ஆன் செய்வதால் பழைய தவறுகள் வெளியே வராது என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றைத் தேட ஃபாரின்_கீ_செக் என்று தனிப் பிராக்மா இருக்கிறது. எண் மறுபடி வழங்கப்பட்டதற்குக் காரணம், இன்டீஜர் பிரைமரி கீ வகை எண்கள் இருப்பதில் பெரியதோடு ஒன்றைக் கூட்டி வழங்கப்படுவதுதான். ஆட்டோஇன்கிரிமென்ட் சேர்த்தால் பழைய எண் திரும்பாது. ஆனால் பணக் கணக்கில் உறுப்பினரை நீக்குவதே சரியன்று என்பது என் கருத்து. விலகிய தேதி என்று அட்டவணையில் ஒரு பத்தி (நெடுவரிசை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி. பதிவேட்டு வரிக்குப் பிறகு திரும்பப் படித்தபோது 0 வந்தது. திறக்கும் இடத்துக்கு மாற்றியதும் 1 வருகிறது. ஃபாரின்_கீ_செக் 11 வரிசைகளைக் காட்டியது.

இதோடு தொடர்புடைய இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். காலையில் இரண்டு கவுண்டர்களிலும் கூட்டம் இருக்கும்போது தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது என்ற பிழை வருகிறது. பைத்தானில் காத்திருப்பு நேரம் இயல்பாக ஐந்து விநாடி என்று படித்தேன், ஆனால் பிழை காத்திருக்காமல் உடனே வருகிறது. நானே பிகின் (பரிவர்த்தனையைத் தொடங்கும் கட்டளை) கொடுத்து, கடைசி ரசீது எண்ணைப் படித்து, ஒன்றைக் கூட்டிப் புதிய வரிசையை எழுதுகிறேன். டபிள்யூஏஎல் இருந்தால் பூட்டுச் சிக்கல் வராது என்று எண்ணியிருந்தேன்.

பதில் 2

டபிள்யூஏஎல் முறையில் படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. ஆயினும் ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். வெறும் பிகின் கொடுத்தால் பரிவர்த்தனை படிக்கும் நிலையில் தொடங்குகிறது. நீங்கள் ரசீது எண்ணைப் படித்த பிறகு மற்றக் கவுண்டர் ஒரு வரிசையை எழுதி முடித்துவிட்டால், உங்கள் கையில் இருப்பது பழைய நிலை. அதன்மேல் எழுத அனுமதித்தால் இரண்டு ரசீதுகளுக்கு ஒரே எண் விழும் என்பதால் எஸ்க்யூலைட் மறுக்கிறது. எத்தனை விநாடி காத்திருந்தாலும் பழைய நிலை புதியதாகாது என்பதால்தான் மறுப்பு உடனே வருகிறது. பிகின் இமீடியட் என்று தொடங்கினால் எழுதும் உரிமை முதலிலேயே கோரப்படும். காத்திருப்பு நேரமும் அப்போது வேலை செய்யும்.

ஆனால் அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். இரண்டு கவுண்டர்களும் ஒரே கணினியில் இயங்குகின்றனவா?

கேட்டவரின் மறுமொழி

இல்லை. இரண்டாவது கவுண்டருக்குத் தனிக் கணினி. முதல் கணினியில் பகிரப்பட்ட கோப்புறை வழியாக அதே கோப்பைத் திறக்கிறது.

பதில் 2

அப்படியானால் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். டபிள்யூஏஎல் முறையில் இணைப்புகள் தங்களுக்குள் ஒத்துப்போவதற்கு நினைவகத்தின் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு கணினிகளுக்கு இடையே அப்படிப் பகிர முடியாது. ஜர்னல்_மோடின் இயல்பு மதிப்பான டெலீட் முறைக்குத் திரும்பினாலும், பிணையக் கோப்புறைகளில் கோப்புப் பூட்டுகள் நம்பத்தக்கவையாக இல்லாத இடங்கள் பல. கோப்பு முதல் கணினியின் சொந்த வட்டில் இருக்கட்டும். இரண்டாவது கவுண்டர் அங்கே ஓடும் ஒரு சிறு சேவைக்குத் தன் பதிவை அனுப்பட்டும். கவுண்டர்கள் பெருகும் என்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் போன்ற ஒரு சேவையகத் தரவுத்தளத்துக்கு மாறுவதே முறை.

நகல் எடுக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுத்தால், டபிள்யூஏஎல் கோப்பில் தங்கியிருக்கும் அண்மைப் பதிவுகள் விடுபட்டுப் போகும். 2019-இல் 3.27.0 பதிப்பில் வந்த வேக்கியூம் இன்டு கட்டளை முழுமையான நகலைத் தரும்.

பதில் 3

டபிள்யூஏஎல் போட்டவுடன் சிங்க்ரனஸ் அமைப்பையும் (பதிவு வட்டில் ஏறியதை எவ்வளவு கண்டிப்பாக உறுதிசெய்வது என்பதைச் சொல்வது) நார்மல் ஆக்கிக்கொள்ளுங்கள் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். அப்படிச் செய்தால் மின்சாரம் போனாலும் கோப்பு கெடாது, ஆனால் கடைசியாக உறுதிசெய்த சில பதிவுகள் மறைந்துபோகலாம். பால் ஊற்றியவர் ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார். இந்த வேலைக்கு ஃபுல் என்ற மதிப்பே தகும். ஒரு கவுண்டரில் பதியும் வேகத்துக்கு அது சுமையே அல்ல. இதுவும் இணைப்போடு முடிந்துவிடும் அமைப்பு என்பதால், திறக்கும் செயற்கூற்றிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஷெல்லும் நிரலும் வேறுபடும் இன்னோர் இடம், இரட்டை மேற்கோள். பத்தியின் பெயரைப் பிழையாக எழுதி இரட்டை மேற்கோளில் இட்டால், எஸ்க்யூலைட் பழைய இணக்கத்துக்காக அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டு பிழையின்றி விடை தரும். 2023-இல் வந்த 3.41.0 முதல் ஷெல் இதை ஏற்பதில்லை. நிரலகம் இயல்பாக இன்னும் ஏற்கிறது. பைத்தான் 3.12 முதல், இணைப்பின் செட்கான்ஃபிக் வழியாக இதை அணைத்துவிடலாம்.

கேட்டவரின் மறுமொழி

பகிர்ந்த கோப்புறையை நேற்று மாலைக் கொள்முதலுக்கு முன்பே நீக்கிவிட்டேன். சேவை எழுதி முடிக்கும் வரை இரண்டாவது கவுண்டர் கையெழுத்துப் பேரேட்டில் எழுதுகிறது. அமைப்புகளைத் திரும்பப் படித்து ஒத்துப்போகாவிட்டால் நிரல் இப்போது திறக்க மறுக்கிறது. 11 வரிசைகளையும் பேரேட்டோடு வைத்துப் பார்த்ததில் 9 யாருடையவை என்று தெரிந்துவிட்டது. மீதி இரண்டுக்காக மார்ச் மாத ரசீதுக் கட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.