கிம்பில் சேவ் கொடுத்தால் ஏன் ஜேபெக் வருவதில்லை?

உப்புவெளித் தம்பி:
கடையில் புதிதாக கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். ஒரு ஜேபெக் படத்தைத் திறந்து, முகத்தில் விழுந்த நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, கன்ட்ரோல்+எஸ் அடித்தால் கிம்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் வைப்பேன் என்கிறது. சரி என்று எக்ஸ்போர்ட் கொடுத்து ஜேபெக்காக எடுத்துவிட்டு மூடப் போனால், இன்னும் சேவ் செய்யவில்லை என்று மறிக்கிறது. விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க ஆட்கள் வாசலில் நிற்கும்போது இது பெரிய கரைச்சல். பழையபடி மாற்ற வழி இருக்கிறதா?

நீலத்திரை:
2012இல் வந்த 2.8 பதிப்பில் சேவ் வேறு, எக்ஸ்போர்ட் வேறு என்று வேண்டுமென்றே இப்படிப் பிரித்தார்கள். செட்டிங்ஸில் மாற்ற இடமில்லை. ஆனால் ஜேபெக்கைத் திறந்திருந்தால், ஃபைல் மெனுவில் அந்தப் படத்தின் பெயரோடு ஓவர்ரைட் என்று இருக்கும். எடிட் மெனுவில் போய் அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமலை அக்கா:
தம்பி, மாற்ற வழி தேடாதீர்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் வேறொரு மென்பொருள். அதில் சேவ் கொடுத்தாலே ஜேபெக்காகவும் வைக்கலாம். ஒரு அம்மாவின் கண்ணீர் அஞ்சலி பனரை இரவோடிரவாகச் செய்தேன். கல்யாண வீட்டுப் படமொன்றிலிருந்து அவருடைய முகத்தை வெட்டியெடுக்க, நரைமுடியின் ஓரத்துக்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் போனது. பின்னால் கோணேசர் மலையும் கடலும். ஜேபெக்காக சேவ் செய்து மூடிவிட்டேன்.

31ஆம் நாள் நினைவு மலருக்கு அதே படத்தை அட்டையில் போடக் கேட்டு மகள் வந்தார். கனடாவில் இருக்கும் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தது, அதையும் சேர்க்க வேண்டும். கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் கடலோடு ஒட்டிக் கிடக்கிறது. முகம், எழுத்து, பின்னணி என்று தனித்தனி அடுக்காக இருந்த லேயர் இல்லை, வெட்டிய ஓரத்தைக் காத்து வைக்கும் மாஸ்க் இல்லை. ஜேபெக்கில் அவற்றை வைக்க இடமே கிடையாது. அந்த மகள் பக்கத்துக் கதிரையில் ஒன்றும் பேசாமல் இருந்தார். நான் முடியை முதலிலிருந்து வெட்டினேன்.

சேவ் என்றால், விட்ட இடத்திலிருந்து நாளைக்கு வந்து தொடரலாம் என்று அர்த்தம். ஜேபெக்கால் அதைத் தர முடியாது. திரும்பத் திரும்பத் திருத்தி ஜேபெக்காகவே வைத்தால் தரமும் தேய்ந்துகொண்டு போகும். அதனால் எக்ஸ்போர்ட் செய்த பிறகும் 'சேவ் ஆகவில்லை' என்று கிம்ப் சொல்வது உண்மைதான்.

உங்களுடைய வெளிச்சம் கூட்டுகிற வேலைக்கு அந்தக் கேள்வி கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வேலைக்கு ஓவர்ரைட் போதும். ஆனால் அது மூலப்படத்தின் மேலேயே எழுதிவிடும். கமெராவிலிருந்து இறக்கியதை முதலில் வேறு ஃபோல்டரில் பிரதி எடுத்து வையுங்கள்.

உப்புவெளித் தம்பி:
ஓவர்ரைட்டுக்கு ஷார்ட்கட் வைத்துவிட்டேன், நன்றி. அக்கா, அஞ்சலி வேலைகளை இனி எக்ஸ்சிஎஃப் ஆகவே வைக்கிறேன். ஆனால் பனர் ஒவ்வொன்றும் டிஸ்க்கில் நிறைய இடம் பிடிக்குமே?

திருமலை அக்கா:
சேவ் செய்யும்போது பெயரின் கடைசியில் புள்ளி, எக்ஸ்சிஎஃப், புள்ளி, ஜிஇசட் (.xcf.gz) என்று ஆங்கிலத்தில் போடுங்கள். சுருக்கி வைக்கும், லேயர்கள் அப்படியே இருக்கும். திறக்கவும் வைக்கவும் கொஞ்சம் நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.