டகுமா சாட்டோ: 2012இன் கடைசிச் சுற்றில் பொறுத்திருக்க வேண்டாமா?

புதுவரவு எழுதியது:

ஃபார்முலா ஒன் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடர் எனக்குப் புதிது. ஓவல் (நீள்வட்டத் தடம்) பந்தயத்தைப் புரிந்துகொள்ள, அதன் 200 சுற்றுப் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500இன் (இண்டி 500) பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறேன். 2012ஆம் ஆண்டுப் பந்தயத்தைத் தாண்டி நகர முடியவில்லை.

கடைசிச் சுற்று. டாரியோ ஃபிராங்கிட்டி முதலிடம், ஜப்பானிய ஓட்டுநர் டகுமா சாட்டோ இரண்டாமிடம். ஒன்றாம் வளைவில் உள்பக்கமாகப் புகுந்த சாட்டோ சுழன்று சுவரில் மோதுகிறார். கையில் இருந்த இரண்டாமிடம் போய், 17ஆம் இடம் என்று பதிவாகிறது. 199 சுற்றுகள் உழைத்தவர் இன்னும் அரைச் சுற்று பொறுத்திருக்கக் கூடாதா?

அதே மனிதர் 2017இலும் 2020இலும் அதே பந்தயத்தை வென்றார் என்பதும் தெரியும். அப்படியானால் இடையில் அவர் மாறினாரா? ஃபார்முலா ஒன் நாட்களில் அவரை மோதல் பேர்வழி என்றே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது நியாயமான பேச்சுதானா?

வெள்ளைக்கோடு எழுதியது:

பொறுத்திருக்கக் கூடாது என்பதே என் பதில். அன்றும் அதையே சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அந்தச் சில நொடிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 199ஆம் சுற்றின் தொடக்கத்தில் ஸ்காட் டிக்சனை ஃபிராங்கிட்டி முந்துகிறார். அவர் வாலைப் பிடித்துக்கொண்டே சாட்டோவும் டிக்சனைத் தாண்டிவிடுகிறார். அடுத்த முறை கோட்டைக் கடக்கும்போது வெள்ளைக் கொடி, அதாவது கடைசிச் சுற்று. இண்டியானாபொலிஸின் நேர்ப்பாதையில் முன்னால் போகிறவருக்குத்தான் நெருக்கடி. அவருடைய வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். பின்னால் வருவது அந்த வெற்றிடத்தில் இழுபட்டு, மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் நெருங்கும். சாட்டோவிடம் அந்த இழுவை முழுதாக இருந்த நேரம் அதுதான்.

மூன்றாம் வளைவுவரை காத்திருந்திருக்கலாம் என்பார்கள். முதல் இரண்டு வளைவுகளில் ஃபிராங்கிட்டியின் பின்னால் கலங்கிய காற்றில் கொஞ்சம் வேகம் இழந்தால் போதும், மூன்றாம் வளைவுக்குள் முந்தும் தூரத்தில் இருக்கமாட்டார். அவருக்குப் பின்னால் டிக்சன் வேறு காத்திருக்கிறார். இரண்டாமிடம் கையில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எவர் கையிலும் எதுவும் இல்லை.

தவறு எங்கே என்றால், நுழைந்த கோணத்தில். ஃபிராங்கிட்டி ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் விட்டார், அதற்குமேல் தாராளம் காட்டவில்லை. நான்கு சுற்று மீதமிருந்தால் இன்னும் கொஞ்சம் விட்டிருப்பாரோ என்னவோ. கடைசிச் சுற்றில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. சாட்டோவின் இடப்பக்கச் சக்கரங்கள் தடத்தின் உள்விளிம்பிலுள்ள வெள்ளைக்கோடுவரை தள்ளப்பட்டன. அவ்வளவு தாழ்வாக நுழைந்தால் வளைவு இன்னும் கூர்மையாகிவிடும். அந்த வேகத்தில் அதைத் திரும்பப் பின்சக்கரங்களுக்குப் பிடி போதவில்லை. பின்பகுதி விலகிய பிறகு ஸ்டீரிங்கைத் திருப்பி என்ன பயன்?

இப்போது 2017ஐப் பாருங்கள். ஆன்ட்ரெட்டி அணி, 26ஆம் எண் வண்டி, நான்காம் இடத்திலிருந்து தொடக்கம். ஃபெர்னாண்டோ அலோன்சோ கலந்துகொண்டதால் உலகமே கவனித்த பந்தயம் அது. அலோன்சோவின் ஹோண்டா இன்ஜின் முடிவுக்குச் சற்று முன்னால் புகைந்து நின்றது. சாட்டோவிடமும் ஹோண்டா இன்ஜின்தான். ஐந்து சுற்று மீதமிருக்கும்போது எலியோ காஸ்ட்ரோநெவெஸை முந்துகிறார். மூன்று முறை அந்தப் பந்தயத்தை வென்றிருந்தவர் காஸ்ட்ரோநெவெஸ். இந்த மைதானத்தை அவரைவிட அறிந்தவர்கள் அன்று களத்தில் இல்லை.

ஐந்து சுற்றுக்கு முன்பே முந்திவிட்டால், மீதித் தூரம் முழுக்க இழுவை எதிராளியின் பக்கம். அதைத் தெரிந்தே சாட்டோ முன்னால் போனார். பிறகு ஒவ்வொரு முறையும் ஒன்றாம் வளைவுக்குள் உள்பாதையைத் தான் எடுத்துக்கொண்டார். முடியும் தறுவாயில் காஸ்ட்ரோநெவெஸ் பக்கவாட்டில் வந்தபோது அவருக்கு மிஞ்சியது வெளிப்பக்கம் மட்டும். டயர்த் துகள்கள் சிதறிக் கிடக்கும், பிடி குறைந்த பக்கம். அங்கே அவரால் வேகத்தைத் தக்கவைக்க முடியவில்லை. வித்தியாசம் 0.2011 நொடி. இண்டி 500ஐ வென்ற முதல் ஆசியர் என்ற பெயர் அன்று சாட்டோவுக்குக் கிடைத்தது.

2012இல் உள்பாதை ஃபிராங்கிட்டி விட்டுக்கொடுத்த அளவுக்குத்தான் கிடைத்தது. 2017இல் அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். துணிவு இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றே.

பழைய டயர் எழுதியது:

வெள்ளைக்கோடு ஐயா ஓவலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஃபார்முலா ஒன் பற்றிக் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்தப் பேச்சில் உண்மை உண்டு.

2004, நூர்பர்க்ரிங். பிஏஆர்-ஹோண்டாவில் சாட்டோ தகுதிச்சுற்றில் இரண்டாமிடம். முன்வரிசையில் ஒரு ஜப்பானியர் நின்றது அதுதான் முதல் முறை. பந்தயத்தில் பிட்டிலிருந்து (வண்டிகள் டயர் மாற்ற நிற்கும் இடம்) ரூபன்ஸ் பாரிகெல்லோவுக்குப் பின்னால் வெளியே வந்தவர், முதல் வளைவில் வெகுதூரத்திலிருந்து பிரேக்கைப் பிந்திப் பிடித்துப் பாய்ந்தார். இடித்தார், முன்சிறகு உடைந்தது, மூக்கை மாற்ற பிட்டுக்கு வந்தார், பிறகு இன்ஜினும் போயிற்று. அன்று அவருடைய வேகம் பாரிகெல்லோவைவிடக் குறைவானதில்லை. ஒரு சுற்று பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஓவலில் பொருந்தும் அவசர நியாயம் அங்கே பொருந்தாது. நீளமான பந்தயம், சுற்றுக்குச் சுற்று வாய்ப்பு வரும்.

2005இல் நிலைமை இன்னும் மோசம். அதே அணியில் ஜென்சன் பட்டன் 37 புள்ளிகள் எடுத்தார், சாட்டோ ஒன்றே ஒன்று. அணிக்கு அந்த ஆண்டில் சில பந்தயங்களில் ஓடத் தடை விழுந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தடை பட்டனுக்கும் சேர்த்துத்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2004இல் அவருக்குக் கிடைத்த 34 புள்ளிகள், இன்ஜின்கள் வரிசையாக வெடித்த ஆண்டில் கிடைத்தவை. அதே ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரியில் மூன்றாமிடம். ஃபார்முலா ஒன்னில் அவர் ஏறிய ஒரே மேடை அது. இடம் எது என்று கவனியுங்கள்: இண்டியானாபொலிஸ். பிட் நிறுத்தம் வாய்க்காமல் பின்னால் தள்ளப்பட்டு, ஒவ்வொருவராக முந்தி யார்னோ ட்ருல்லியையும் தாண்டி மேலே வந்தார். நூர்பர்க்ரிங்கில் தோற்ற அதே குணம் அங்கே பலித்தது.

மூன்றாம் கியர் எழுதியது:

இருவரும் விட்டுவிட்ட ஒன்று: இவர் எவ்வளவு தாமதமாகத் தொடங்கினார் என்பது. மற்றவர்கள் எட்டு வயதில் கார்ட் எனும் சிறிய பந்தய வண்டியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சாட்டோ பத்து வயதில், 1987இல், சுசூகாவில் ஜப்பான் கிராண்ட் பிரியை நேரில் பார்த்தார். மஞ்சள் லோட்டஸில் அயர்டன் சென்னா ஏழாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்த பந்தயம். ஆசை அன்று பிறந்தது, ஆனால் பந்தய வண்டி கிடைக்கவில்லை. பள்ளியில் சைக்கிள் பந்தய வீரராகித் தேசிய அளவில் வென்றார். வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சுசூகா பந்தயப் பள்ளிக்கு வயது வரம்பு 20. அந்த விளிம்பில் நின்று விண்ணப்பித்தார்.

விண்ணப்பத் தாளை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வார்கள் என்று தெரிந்ததும், பந்தய அனுபவமே இல்லாத தன் தாள் எடுபடாது என்று உணர்ந்து, நேர்காணல் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். வைத்தார்கள். உள்ளே போனவர் அந்த ஆண்டின் உதவித்தொகையோடு வெளியே வந்தார். 2001இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 (ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்நிலைத் தொடர்) பட்டம், அதே ஆண்டில் மக்காவ் பந்தய வெற்றி. அடுத்த ஆண்டு ஜோர்டான்-ஹோண்டாவில் ஃபார்முலா ஒன்.

20 வயதில் தொடங்கி 25 வயதில் அங்கே போய்ச் சேர்ந்தவரிடம், மற்றவர்கள் பதினைந்து ஆண்டுகளில் படித்த பொறுமையை உடனே எதிர்பார்த்தோம். பழைய டயர் சொன்ன நூர்பர்க்ரிங் மோதலை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நூர்பர்க்ரிங் பதிவைத் தேடிப் பார்த்தேன். பழைய டயர் சொன்னது சரி, மிகத் தூரத்திலிருந்து பாய்கிறார். ஆனாலும் பார்க்கும்போது என் மனம் அவர் பக்கம்தான் நின்றது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். 2020 வெற்றி மஞ்சள் கொடிக்குக் கீழே, அதாவது மோதலுக்குப் பின் யாரும் முந்தக் கூடாத நிலையில் முடிந்தது. டிக்சன் 111 சுற்றுகள் முன்னிலை வகித்திருக்கிறார். அந்த வெற்றிக்கு 2017க்கு நிகரான மதிப்பு உண்டா?

வெள்ளைக்கோடு எழுதியது:

உண்டு. ஸ்பென்சர் பிகட் மோதியபோது சாட்டோ ஏற்கெனவே முன்னால் இருந்தார். டிக்சனைப் பந்தய வேகத்தில்தான் முந்தினார். கொடி அவரை முன்னால் கொண்டுவந்து வைக்கவில்லை. கடைசிச் சுற்றுகள் பச்சைக் கொடியில் ஓடியிருந்தால் டிக்சன் முந்தியிருப்பார் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடியிருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். கொரோனா காலத்தில் பார்வையாளர் இருக்கைகள் காலியாகக் கிடக்க, ஆகஸ்ட் மாதத்தில் நடந்த இண்டி 500 அது. அந்த வெறுமைக்காவது இரண்டு சுற்றுச் சண்டை நடந்திருக்கலாம். பிகட்டின் மோதல் கடுமையானது, தடுப்பைச் சரிசெய்ய நேரம் தேவைப்பட்டது.

நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியவை என்று கேட்டால் இரண்டு சொல்வேன். முதலில் 2007 கனடா. சூப்பர் அகுரி என்ற சிறிய அணி. முந்தைய ஆண்டுதான் நான்கு ஆண்டுப் பழைய ஆரோஸ் வண்டியைச் செப்பனிட்டு ஓட்டத் தொடங்கியவர்கள். அந்த அணியின் வண்டியில், அப்போதைய உலகச் சாம்பியன் அலோன்சோவின் மெக்லாரனை முந்தி ஆறாமிடம் பிடித்தார். அடுத்த ஆண்டே பணமில்லாமல் அணி மூடப்பட்டது.

பிறகு 2013 லாங் பீச். இண்டிகாரில் ஜப்பானியர் ஒருவரின் முதல் வெற்றி. ஏ.ஜே. ஃபாய்ட்டின் அணிக்கு 2002க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றியும் அதுவே. 80 சுற்றுகளில் 50ஐ முன்னால் நின்று ஓட்டினார். பழைய டயர் கேட்ட பொறுமை அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

2025 பதிவையும் விட்டுவிடாதீர்கள். 48 வயதில் இரண்டாம் இடத்திலிருந்து தொடங்கி, 51 சுற்றுகள் முன்னிலையில் ஓட்டினார். அன்று வேறு எவரும் அவ்வளவு சுற்று முன்னால் நிற்கவில்லை. பிட்டுக்குள் வேகமாக வந்து தன் இடத்தைத் தாண்டிச் சறுக்கியதில் எல்லாம் போயிற்று. அந்தச் சறுக்கலைப் பார்த்துவிட்டு வாருங்கள், பழைய டயரோடு நான் மறுபடியும் வாதிட வேண்டியிருக்கும்.