துவைத்த பிறகு தோன்றும் பழுப்புக் கறை: மருத்துவமனை விரிப்புகள் வீணாகின்றன, வழி சொல்லுங்கள்

கேட்டவர்: சலவைக்கூட மேற்பார்வையாளர், தஞ்சாவூர்

வணக்கம். 180 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 60 கிலோ வாஷர் எக்ஸ்ட்ராக்டர் (துவைத்துப் பிழியும் இயந்திரம்) இரண்டு, டிரையர் இரண்டு, நீராவியில் ஓடும் ரோலர் இஸ்திரி ஒன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கிலோ துணி வருகிறது.

மூன்று மாதமாக ஒரு தொல்லை. வார்டிலிருந்து வெள்ளையாக வரும் விரிப்பு, துவைத்து எடுத்தால் பழுப்புத் திட்டுகளோடு வெளியே வருகிறது. சில திட்டுகள் உள்ளங்கை அளவு, சில ஒரு மனிதரின் முதுகளவு. எல்லா விரிப்பிலும் வருவதில்லை. ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்தில் வருகிறது. மறுபடி துவைத்தால் போகாதது மட்டுமின்றி இன்னும் அழுத்தமாகிறது.

நாங்கள் ஓட்டும் முறை: குளிர்ந்த நீரில் இரண்டு அலசல், பிறகு காரமும் டிடர்ஜென்டும் சேர்த்து 60 டிகிரியில் 12 நிமிடம், அடுத்து சோடியம் ஹைப்போகுளோரைட் ஊற்றி 8 நிமிட வெளுப்பு, மூன்று அலசல், கடைசியில் காரத்தை முறிக்க அசிட்டிக் அமிலம். தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மென்னீராக்கி இருக்கிறது.

இதுவரை 84 விரிப்புகளை ஒதுக்கிவிட்டோம். தொழிலாளரின் கவனக்குறைவு என்று நிர்வாகம் எழுதிவிட்டது. அந்தத் தொகையை ஊதியத்தில் பிடிப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. இங்கே வேலை செய்பவர்கள் ஆறு பெண்கள். இரத்தமும் சீழும் ஒட்டிய துணியைப் பத்து வருடமாக முகம் சுளிக்காமல் பிரித்துப் போடுகிறவர்கள். அவர்கள் கை தவறவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதை எப்படி நிரூபிப்பது என்றுதான் தெரியவில்லை.

பதில் 1: நீர் சுத்திகரிப்புத் தொழில், ஈரோடு

ஆழ்துளைக் கிணறு என்றதும் எனக்கு இரும்புச் சத்தின் மேல்தான் சந்தேகம். கிணற்றிலிருந்து தெளிவாக வரும் நீரில் இரும்பு கரைந்திருக்கும். காரமும் ஹைப்போகுளோரைட்டில் இருக்கும் குளோரினும் பட்டவுடன் அது துருவாக மாறித் துணியில் படியும். துணி வெளுப்பவர்களுக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இரும்பே தொந்தரவுதான். மென்னீராக்கி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்கும். இரும்பு அதிகமானால் அதன் உள்ளே இருக்கும் பிசின் மணிகளிலேயே துரு படிந்து அது செயலிழந்துவிடும்.

சோதனை எளிது. கறை உள்ள ஒரு துண்டை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் சிறிது ஆக்சாலிக் அமிலம் கரைத்து ஊறவையுங்கள். துருவாக இருந்தால் சில நிமிடங்களில் கரைந்து போகும். அது நஞ்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஹைப்போகுளோரைட் இருக்கும் இடத்துக்கே எந்த அமிலத்தையும் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பதில் 2: விடுதிச் சலவைப் பிரிவு, மாமல்லபுரம்

எங்கள் விடுதியிலும் விரிப்புகள் மஞ்சளாயின. அலசல் போதாமல் காரம் தங்கி, ரோலரின் சூட்டில் நிறம் மாறியது. கடைசி அலசலுக்குப் பின் துணியைப் பிழிந்து பிஎச் (அமில, கார அளவு) பாருங்கள், 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. ஆனால் காரம் தங்கினால் விரிப்பு முழுவதும் மஞ்சளடிக்கும், உங்களுடையதைப் போலத் திட்டாக வராது. அதனால் இது உங்கள் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதில் 3: மருந்தாளுநர், மதுரை

புண் துடைக்கும் பொவிடோன் அயோடினாக இருக்கலாமே? அதுவும் பழுப்புதான். கொஞ்சம் ஹைப்போ விட்டுப் பாருங்கள். அயோடின் என்றால் கண்ணெதிரே நிறமற்றுப் போகும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை செய்து பார்த்தவை: பிஎச் 6 இருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தில் விரிப்பிலிருந்த சிறு ஊசிமுனைப் புள்ளிகள் மறைந்தன. ஆக, கொஞ்சம் துரு இருக்கிறது. ஆனால் பெரிய திட்டுகள் அசையவே இல்லை. வேறொரு துண்டில் ஹைப்போ விட்டேன். கறை போகவில்லை, காப்பி நிறத்துக்குக் கறுத்துவிட்டது.

பதில் 4: ஓய்வுபெற்ற லாண்டரி மேலாளர், சென்னை

தம்பி, நீங்கள் விட்டது எந்த ஹைப்போ? மருந்தாளுநர் சொன்னது சோடியம் தயோசல்பேட். புகைப்படக்காரர்கள் அதைத்தான் ஹைப்போ என்பார்கள். அயோடினையும் மிச்சக் குளோரினையும் முறிக்கும். மருத்துவமனையில் ஹைப்போ என்றால் தரை துடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட். நீங்கள் இரண்டாவதைத்தான் விட்டிருப்பீர்கள்.

இந்தப் பெயர்க் குழப்பம் உங்களுக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது. குளோரின் பட்டதும் கறுக்கும் கறை என்றால், 30 வருடம் மருத்துவமனைத் துணி துவைத்தவனாக எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள். கறை வரும் விரிப்புகள் எந்தப் பிரிவிலிருந்து வருகின்றன? மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பிரிவில் தோலைச் சுத்தம் செய்யும் மருந்தை மாற்றினார்களா?

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னது சரி. நான் விட்டது தரை துடைக்கும் ஹைப்போதான்.

துணிகளைப் பிரிவு வாரியாகக் கட்டி, மூலையில் நூல் அடையாளம் போட்டு இரண்டு நாள் ஓட்டினேன். கறை வந்தவை பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு, மிச்சம் அறுவை அரங்கு. பொது வார்டில் ஒன்றுகூட இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். தொற்றைக் குறைப்பதற்காக நோயாளிகளின் உடலைத் தினமும் 2 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு துடைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கி மூன்று மாதம் ஆகிறதாம்.

பதில் 5: ஓய்வுபெற்ற லாண்டரி மேலாளர், சென்னை

கிடைத்துவிட்டது. குளோர்ஹெக்சிடின் நேர்மின்னூட்டம் உடையது. பருத்தி நாரின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. அதனால் அது பருத்தியை விடாமல் பற்றிக்கொள்ளும். தோலில் பல மணி நேரம் தங்கிக் கிருமியைத் தடுப்பதும் இதே குணத்தால்தான். துணியில் அது நிறமில்லாமல் இருப்பதால் பிரித்துப் போடும் பெண்களின் கண்ணுக்குத் தெரியாது. டிடர்ஜென்டில் ஒரு பகுதி போகும், மிச்சம் நாரிலேயே இருக்கும். அதன் மேல் குளோரின் பட்டால் இரண்டும் சேர்ந்து பழுப்பு நிறப் பொருளாகி நாரில் நிலைத்துவிடும். நோயாளியின் முதுகு பட்ட இடத்தில் முதுகளவு, கை பட்ட இடத்தில் கையளவு. திட்டுகளின் வடிவத்தை நீங்களே முதல் பதிவில் எழுதிவிட்டீர்கள்.

நிர்வாகத்துக்குக் காட்டுவதற்குச் சோதனை ஒன்று செய்யுங்கள். புது வெள்ளைப் பருத்தித் துணியில் பாதியை அந்த மருந்தில் நனைத்து உலர்த்துங்கள். வெளுப்பில்லாமல் துவைத்து இரண்டாகக் கிழியுங்கள். இரண்டு துண்டிலும் மருந்து பட்ட பகுதியும் படாத பகுதியும் இருக்கட்டும். ஒன்றை நீர்த்த ஹைப்போகுளோரைட்டில் போடுங்கள், மற்றதை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கார நீரில் சூடாகப் போடுங்கள். மேசை மேல் அவர்கள் பார்க்கவே செய்யுங்கள்.

இன்னொன்று: ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஹைப்போகுளோரைட் ஊற்றுகிறீர்கள்?

கேட்டவர்

ஒரு லிட்டர். 10 சதவீதச் சரக்கு. வெளுப்பின்போது இயந்திரத்தில் சுமார் 300 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

பதில் 6: ஓய்வுபெற்ற லாண்டரி மேலாளர், சென்னை

கணக்குப் போடுங்கள். வெளுப்புக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் தாராளம். 300 லிட்டருக்கு 30 கிராம். 10 சதவீதச் சரக்கில் அது 300 மில்லிலிட்டர்தான். நீங்கள் மூன்று மடங்குக்கு மேல் ஊற்றுகிறீர்கள். நம் ஊர் வெயிலில் கேனில் வீரியம் குறைந்துகொண்டே போகும், வெளுக்கவில்லை என்று கை தாராளமாகும், புதுக் கேன் வந்த பிறகும் பழைய அளவே தொடரும். எல்லாச் சலவைக்கூடத்திலும் நடப்பதுதான். பொது வார்டுத் துணி நைந்து சீக்கிரம் கிழிவதற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு ஆகியவற்றின் துணியைத் தனிச் சுற்றாக்குங்கள். அதில் குளோரின் ஒரு சொட்டும் வேண்டாம். முதல் அலசல்கள் குளிர்ந்த நீரிலேயே இருக்கட்டும். 40 டிகிரிக்கு மேல் போனால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் தண்ணீர் மட்டத்தை உயர்த்தி அலசுங்கள். முதன்மைச் சலவையில் அயனியில்லா (மின்னூட்டம் இல்லாத) வகை டிடர்ஜென்டும் காரமும் சேர்த்து, வெளுப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. அதற்கு 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூடே கிருமியையும் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 71 டிகிரியில் 25 நிமிடம் என்பார்கள். பிரிட்டனில் 71 டிகிரியில் 3 நிமிடம், சுமை முழுவதும் சூடேற எடுக்கும் நேரம் தனி. பாய்லர் செலவு கூடும். வாரம் ஏழு விரிப்பை இழப்பதோடு ஒப்பிட்டு நிர்வாகம் முடிவு செய்யட்டும்.

பதில் 7: தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், கோயம்புத்தூர்

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு யாரும் வார்டில் போய்க் குளோர்ஹெக்சிடினை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரத்தக் குழாயில் செருகிய குழாய் வழியாக வரும் தொற்றைத் தடுக்க அந்தத் தினசரித் துடைப்பு உதவுகிறது. விரிப்புக்காக நோயாளி விலை கொடுக்கக் கூடாது. நாங்கள் மருந்தை மாற்றும் அன்றே சலவைக்கூடத்துக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் எழுதுவதில்லை. அது எங்கள் பக்கத்துக் குறை.

பதில் 8: நீர் சுத்திகரிப்புத் தொழில், ஈரோடு

பெராக்சைடுக்கு மாறுவதற்கு முன் நில்லுங்கள். ஆக்சாலிக் அமிலத்தில் சிறு புள்ளிகள் மறைந்தன என்று எழுதினீர்களே, அதை மறக்காதீர்கள். துணியில் துருப் புள்ளி இருக்கும் இடத்தில் பெராக்சைடு பட்டால் வினை மிக வேகமாகி, அந்த இடத்து நாரையே அரிக்கும். சில வாரங்களில் விரிப்பில் ஊசித் துளைகள் விழும். அப்போது அந்தப் பெண்கள் மேல் இரண்டாவது பழி வரும். முதலில் நீரின் இரும்பை அளந்துவிடுங்கள். உலோகங்களைக் கட்டிவைக்கும் பாஸ்போனேட் கலந்த டிடர்ஜென்டைக் கேட்டு வாங்குங்கள். இருக்கும் துணிகளை ஒருமுறை ஆக்சாலிக் அலசலில் ஓட்டி, நன்றாக அலசிவிட்டுப் பெராக்சைடைத் தொடங்குங்கள்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

மேசைச் சோதனையை நிர்வாக அலுவலர் முன்னிலையில் செய்தேன். ஹைப்போகுளோரைட்டில் போட்ட துண்டில் மருந்து பட்ட பகுதி மட்டும் பழுப்பாகி, கோடு கிழித்தாற்போல் நின்றது. பெராக்சைடில் போட்டது முழுவதும் வெள்ளை. அவர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊதியப் பிடித்தக் கோப்பை அன்றே மூடச் சொன்னார். செய்தியைச் சொன்னபோது அந்த ஆறு பேரில் மூத்தவர், மூன்று மாதமாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகச் சொல்லி அழுதுவிட்டார்.

நீரில் இரும்பு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். ஈரோட்டு நண்பர் தடுத்திருக்காவிட்டால் நான் நேராகப் பெராக்சைடு ஊற்றியிருப்பேன். ஆக்சாலிக் அலசல் முடித்து, பாஸ்போனேட் உள்ள டிடர்ஜென்டுக்கு மாறி, 72 டிகிரியில் ஓட்டுகிறோம். பொது வார்டுத் துணிக்கு ஹைப்போகுளோரைட்டை 300 மில்லிலிட்டராகக் குறைத்தும் வெண்மை குறையவில்லை.

ஆனால் முதல் பத்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் துணியில் மட்டும் கறை தொடர்ந்தது. தனிச் சுற்றில் குளோரினே இல்லை, பிறகு எங்கிருந்து வருகிறது என்று இரண்டு இரவு தூக்கமில்லை. மூட்டையைப் பிரிக்கும்போதே கறை இருப்பதை மூத்தவர்தான் காட்டினார். வார்டுக்கே போய்ப் பார்த்தேன். இரத்தம் பட்ட விரிப்பைக் கீழே அனுப்புமுன் ஹைப்போகுளோரைட் வாளியில் அரை மணி நேரம் ஊறவைக்கிறார்கள். பழைய பழக்கம். செவிலியர் கண்காணிப்பாளரிடம் பேசி, வாளியை எடுத்துவிட்டு, கசியாத பையில் கட்டி நேராக அனுப்பும்படி மாற்றினோம். அதன் பிறகு மூன்று வாரமாகப் புதுக் கறை இல்லை.

ஒதுக்கிவைத்த 84 விரிப்புகளுக்கு ஏதேனும் வழி உண்டா?

பதில் 9: ஓய்வுபெற்ற லாண்டரி மேலாளர், சென்னை

குளோரினால் நிலைத்த கறையை நான் முழுவதும் எடுத்ததில்லை. இரண்டு மூன்று முறை சூடான பெராக்சைடில் ஓட்டினால் சிலது மங்கும். மங்கியதை அடிவிரிப்பாகப் பயன்படுத்தலாம். மற்றவற்றில் நல்ல பகுதியை வெட்டிக் குழந்தைகள் வார்டுக்குச் சிறு விரிப்பாகத் தைத்துக்கொள்ளுங்கள். முதுகளவு கறை உள்ளதிலும் நான்கு ஓரங்கள் தேறும்.

மூட்டையில் கறையைக் கண்டுபிடித்த அந்த அம்மாவை, இனிப் பிரிவு வாரியாகத் துணி வாங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கேட்டவர்

திங்கட்கிழமை முதல் அவர்தான் அங்கே நிற்கிறார், ஐயா. வரும் மூட்டைகளைக் குறித்துக்கொள்ளப் பிரிவு வாரியாக ஒரு பதிவேடும் கொடுத்திருக்கிறோம்.